காட்டு வழியில் மிதிவண்டி: கேரள – தமிழக எல்லையில் எந்தப் பாதை திறந்திருக்கிறது, எது ஏன் மூடப்பட்டிருக்கிறது?

தார்ச்சாலையை விட்டு விலகி, மண்ணும் சரளையும் கலந்த பாதைகளில் நெடுந்தூரம் மிதிவண்டி ஓட்டும் 'கிராவல் பைக்கிங்' உலகின் பல நாடுகளில் வேகமாகப் பரவியுள்ளது. வாகன இரைச்சல் இல்லாத காடு, பரந்த புல்வெளி, ஆளரவம் குறைந்த வழித்தடம் ஆகியவையே இதன் ஈர்ப்பு. இவை மூன்றும் ஒருங்கே அமைந்த நிலப்பகுதி நம் அருகிலேயே இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்கள் தமிழகத்தைத் தொடும் எல்லைப் பகுதியே அது.

இவ்விரு மாவட்டங்களும் ஒன்றையொன்று தொடுவதில்லை. பாலக்காடு கோவை மாவட்டத்தை ஒட்டியும், இடுக்கி திருப்பூர், திண்டுக்கல், தேனி மாவட்டங்களை ஒட்டியும் அமைந்துள்ளன. ஆனால் ஆனைமலையும் அதன் தொடர்ச்சியான உயர்மலைகளும் இரண்டையும் இணைக்கின்றன. இம்மலைகளில் வரைபடத்தில் கோடாகத் தெரியும் பழைய பாதைகள் ஏராளம். அவற்றுள் மிதிவண்டியில் சட்டப்படி செல்லக்கூடியவை சிலவே. அங்குள்ள அமைதிக்குக் காரணமே பெரும்பாலான பாதைகள் மூடப்பட்டிருப்பதுதான் என்பதைப் பலர் அறிவதில்லை. இப்பாதைகள் எப்படி உருவாயின, ஏன் மூடப்பட்டன, மிதிவண்டி ஓட்டுவோருக்கு எஞ்சியிருக்கும் வழிகள் எவை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

கிராவல் பைக் என்றால் என்ன?

தோற்றத்தில் இது பந்தய மிதிவண்டியைப் போலவே கீழ்நோக்கி வளைந்த கைப்பிடி கொண்டது. வேறுபாடு சக்கரத்தில் உள்ளது. சாலைப் பந்தய மிதிவண்டியின் டயர் பொதுவாக 25 முதல் 32 மி.மீ. அகலம் இருக்கும். கிராவல் பைக்கின் டயர் ஏறத்தாழ 38 முதல் 50 மி.மீ. வரை அகலமானது. அதில் காற்றழுத்தமும் குறைவாகவே வைக்கப்படுகிறது. இதனால் டயர் சற்று அமுங்கி, கற்களின் அதிர்வை உள்வாங்கி, மண்ணில் நன்கு பிடிமானம் கொள்கிறது. டிஸ்க் பிரேக்கும், செங்குத்தான ஏற்றத்துக்கேற்ற சிறிய கியர்களும் உடன் அமைகின்றன. பாறைகளில் குதித்து இறங்கும் மலை மிதிவண்டிக்குரிய கனமான அதிர்வுத் தாங்கிகள் பெரும்பாலும் இதில் இருப்பதில்லை. ஆகவே தார்ச்சாலையிலும் விரைவாகச் செல்ல முடிகிறது.

இந்த அமைப்பு இந்தியாவுக்கு முற்றிலும் புதியதன்று. தபால்காரரும் பால்காரரும் பல பத்தாண்டுகளாக ஓட்டி வந்த சாதாரண 28 அங்குல மிதிவண்டியின் டயர் ஏறத்தாழ 40 மி.மீ. அகலம் கொண்டது. கிராமங்களின் கிராவல் மண் சாலைகளில் அது தடையின்றி ஓடியதற்கு அந்த அகலமே காரணம்.

விளையாட்டாக இது வளர்ந்தது அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியில். கன்சாஸ் மாநிலத்தின் எம்போரியா நகரில், புல்வெளிக் குன்றுகளின் ஊடே நடைபெறும் 200 மைல் போட்டி 2006-இல் தொடங்கியது. இன்று 'அன்பவுண்ட் கிராவல்' என அழைக்கப்படும் அப்போட்டியே இத்துறையில் மிகவும் அறியப்பட்டது. சர்வதேச சைக்கிள் ஓட்டுதல் சங்கம் முதலாவது கிராவல் உலக சாம்பியன்ஷிப்பை 2022-இல் இத்தாலியில் நடத்தியது. ஐரோப்பாவில் ஜெர்மனியின் லூனபர்க், நெதர்லாந்தின் வெலூவ போன்ற புதர்ச்செடி வெளிகள் இதற்குப் பெயர்பெற்றவை.

கேரளமும் மலை மிதிவண்டிப் போட்டிகளுக்கு அறிமுகமான மாநிலமே. ஆசிய மலை மிதிவண்டி சாம்பியன்ஷிப் 2023 அக்டோபரில் திருவனந்தபுரம் மாவட்டத்தின் பொன்முடியில் நடைபெற்றது. போட்டிக்கெனத் தனியே அமைக்கப்பட்ட தடத்தில் ஓட்டுவது ஒன்று. காட்டு வழியில் தனியாகவோ சிறு குழுவாகவோ செல்வது வேறொன்று. எல்லை மலைகளில் சிக்கல் எழுவது இரண்டாவதில்தான்.

பாதைகள் பிறந்த கதை

இம்மலைகளின் பழைய பாதைகள் உலாவுக்காக வெட்டப்பட்டவை அல்ல. தேயிலையையும் மரத்தையும் இறக்கவும், போர்க்காலத் தேவைக்காகவுமே அவை உருவாக்கப்பட்டன.

மூணாறிலிருந்து மாட்டுப்பட்டி, குண்டளை வழியாக டாப் ஸ்டேஷன் வரை 1902-இல் ஒற்றைத் தண்டவாள வண்டிப்பாதை அமைக்கப்பட்டது. ஒரு பக்கச் சக்கரங்கள் தண்டவாளத்திலும், மறுபக்கத்துப் பெரிய சக்கரம் சாலையிலும் உருள, மாடுகள் அதை இழுத்தன. 1908-இல் அது இரண்டடி அகல இருப்புப்பாதையாக மாற்றப்பட்டது. டாப் ஸ்டேஷனில் இறக்கப்பட்ட தேயிலைப் பெட்டிகள், தமிழகப் பக்கத்தில் மலையடிவாரத்திலுள்ள கொட்டகுடிக்குக் கம்பிவழி இறக்கப்பட்டு, அங்கிருந்து போடிநாயக்கனூருக்குச் சென்றன. 1924 ஜூலையில் பெய்த பெருமழை இந்த இருப்புப்பாதையை அடித்துச் சென்றது. கொல்லம் ஆண்டு 1099-இல் நேர்ந்ததால் கேரளத்தில் இன்றும் '99-ஆம் ஆண்டு வெள்ளம்' என்று நினைவுகூரப்படும் பேரிடர் அது. பாதை மீண்டும் அமைக்கப்படவில்லை. 'டாப் ஸ்டேஷன்' என்ற ஊர்ப்பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

பாலக்காடு மாவட்டத்தின் பறம்பிக்குளத்திலும் இதே போன்ற வரலாறு உண்டு. அங்கிருந்து சாலக்குடி வரை ஏறத்தாழ 80 கி.மீ. நீளத்துக்குக் கொச்சி சமஸ்தானம் வன டிராம் பாதை அமைத்தது. 1907 முதல் தேக்கும் ஈட்டியும் அதன் வழியே இறங்கிக் கப்பலேறின. செங்குத்தான சரிவுகளில், இறங்கும் மரச்சுமையின் எடையே காலிப் பெட்டிகளை மேலே இழுக்கும் வகையில் அது இயங்கியது. 1963-இல் அது கைவிடப்பட்டது. தண்டவாளங்கள் அகற்றப்பட்ட தடம் காட்டுக்குள் மறைந்தது.

மூன்றாவது பாதை இன்றும் விவாதப் பொருளாக உள்ளது. கொடைக்கானலிலிருந்து பேரிஜம் ஏரி, வந்தரவு வழியாக டாப் ஸ்டேஷனைத் தொட்டு மூணாறு செல்லும் ஏறத்தாழ 80 கி.மீ. சாலையே அது. 'எஸ்கேப் ரோடு' என்பது அதன் பழைய பெயர். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் தாக்கினால் மேற்குக் கடற்கரைக்கு வெளியேறும் வழியாக இது மேம்படுத்தப்பட்டதே அப்பெயருக்குக் காரணமாகக் கூறப்படுகிறது. வந்தரவு அருகே ஏறத்தாழ 2,480 மீட்டர் உயரத்தைத் தொடும் இது, இமயமலைக்குத் தெற்கே அமைந்த மிக உயரமான சாலைகளுள் ஒன்று. 1990 முதல் இது பொதுப் போக்குவரத்துக்கு மூடப்பட்டுள்ளது.

ஏன் மூடப்பட்டன?

பயன்பாடு முடிந்த இப்பாதைகளைச் சுற்றியிருந்த காடுகள் ஒவ்வொன்றாகப் பாதுகாக்கப்பட்ட பகுதிகளாயின. பறம்பிக்குளம் 1973-இல் சரணாலயமாகவும் 2010-இல் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. இரவிகுளம் 1978-இல் தேசியப் பூங்காவானது. சின்னார் சரணாலயம் 1984-இல் உருவானது. பாம்பாடும் சோலை, ஆனமுடி சோலை, மதிகெட்டான் சோலை ஆகிய மூன்றும் 2003-இல் தேசியப் பூங்காக்களாயின. தமிழகப் பக்கத்தில் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் 2013-இல் அறிவிக்கப்பட்டது. எஸ்கேப் ரோட்டின் கேரளப் பகுதி பாம்பாடும் சோலையையும், தமிழகப் பகுதி கொடைக்கானல் வனத்தையும் ஊடறுத்துச் செல்கிறது.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் இங்கே தீர்மானகரமானது. அதன் 27-ஆம் பிரிவின்படி, சரணாலயத்துக்குள் அனுமதியின்றி நுழைய முடியாது. பொது நெடுஞ்சாலை வழியாகக் கடந்து செல்பவருக்கு விலக்கு உண்டு. சுற்றுலா, ஆய்வு, ஒளிப்படம் எடுத்தல் போன்ற நோக்கங்களுக்கு அனுமதி வழங்க 28-ஆம் பிரிவு இடமளிக்கிறது. தேசியப் பூங்காக்களுக்கும் இவ்விதிகள் பொருந்தும்.

மிதிவண்டி ஓட்டுவோருக்கு இதன் பொருள் தெளிவானது. மறையூர் – உடுமலை சாலை சின்னார் சரணாலயத்தின் ஊடே செல்கிறது. அச்சாலையில், அனுமதிக்கப்பட்ட நேரத்தில், மிதிவண்டியில் கடந்து செல்லலாம். சாலையோரத்திலிருந்து பிரியும் மண்பாதையில் திரும்பினால் அது அத்துமீறலாகும். எஞ்சின் இல்லாத வாகனம் என்பதால் மிதிவண்டிக்குச் சட்டத்தில் தனிச்சலுகை எதுவும் இல்லை.

சோலையும் புல்வெளியும்

ஐரோப்பியப் புதர்வெளிகளுக்கு இணையாக இங்கே சொல்லத்தக்கது சோலைப் புல்வெளி. மலையின் மடிப்புகளில் குட்டையான பசுமை மாறாச் சோலைக்காடும், முகடுகளில் புல்வெளியும் மாறிமாறி அமைந்த நிலம் இது. ஐரோப்பியப் புதர்வெளிகள் பெரும்பாலும் மேய்ச்சலாலும் வெட்டுதலாலும் மனிதர் நிலைநிறுத்தியவை. சோலைப் புல்வெளி இயற்கையாகவே பல்லாயிரம் ஆண்டுகளாக நிலைத்து வருவது. 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சியும், வரையாடும் இதற்கே உரியவை.

பார்வைக்கு வெறும் புல்லாகத் தெரிந்தாலும், இந்நிலம் மழைநீரைப் பிடித்து வைத்து மெல்ல விடுகிறது. அந்த நீர் தமிழகத்துக்கும் வருகிறது. இடுக்கி மலைகளில் பிறக்கும் பாம்பாறு கிழக்கு நோக்கி ஓடித் திருப்பூர் மாவட்டத்தின் அமராவதி அணையைச் சேர்கிறது. பவானி ஆறு பாலக்காட்டின் அட்டப்பாடியைச் சுற்றி மீண்டும் தமிழகத்துக்குள் நுழைகிறது. கோவையின் குடிநீருக்கு ஆதாரமான சிறுவாணி அணை பாலக்காடு மாவட்டத்தில்தான் உள்ளது.

இப்புல்வெளிகளின் பெரும்பகுதியை வாட்டில், யூக்கலிப்டஸ், பைன் போன்ற அயல் மரத் தோட்டங்கள் ஏற்கெனவே விழுங்கிவிட்டன. வட்டவடைக்கு அருகே பழத்தோட்டம் பகுதியில், தீயில் அழிந்த அயல் மரத் தோட்டங்கள் இருந்த இடத்தில் உள்நாட்டுப் புல்லை நட்டு மீட்கும் பணி நடைபெற்றுள்ளது. புல்வெளியின் மெல்லிய மேல்மண்ணில் ஒரே தடத்தில் சக்கரங்கள் மீண்டும் மீண்டும் ஓடினால் வாய்க்கால் உருவாகி, மழையில் மண் அரிக்கும். டயரில் ஒட்டிய சேறு அயல் களைகளின் விதைகளையும் சுமந்து செல்லும். மிதிவண்டி புகை கக்காதது என்பதனால் மட்டும் அது தடயமின்றிச் செல்கிறது என்று கருத இயலாது.

அமைதியான வண்டியின் ஆபத்து

ஜீப்பின் ஓசையை யானை தொலைவிலேயே கேட்டு விலகிவிடக்கூடும். நடந்து செல்பவர் மெதுவாக வருவதால் இரு தரப்புக்கும் உணர நேரம் கிடைக்கிறது. மிதிவண்டியோ ஓசையின்றி, அதே சமயம் வேகமாக வருகிறது. இறக்கத்தில், பார்வை மறையும் வளைவில், யானையோ காட்டெருமையோ கரடியோ சில மீட்டர் தொலைவில் எதிர்ப்பட்டால் நிற்க நேரம் இராது.

இது கற்பனையான அச்சம் அன்று. அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தில் கிளேசியர் தேசியப் பூங்காவுக்கு அருகே, 2016 ஜூனில் காட்டுப்பாதையில் வேகமாக மிதிவண்டி ஓட்டிச் சென்ற ஒருவர் வளைவில் கரடி மீது மோதினார். அதன் தாக்குதலில் அவர் உயிரிழந்தார். வேகமும், பார்வைத் தூரம் குறைந்த பாதையும் அந்நிகழ்வின் முக்கியக் காரணங்களாகச் சுட்டப்பட்டன.

விலங்குகளுக்கு மாநில எல்லை இல்லை என்பதற்கும் அண்மை உதாரணம் உண்டு. சின்னக்கானல் பகுதியில் சுற்றிய 'அரிக்கொம்பன்' யானை 2023 ஏப்ரல் இறுதியில் பிடிக்கப்பட்டுப் பெரியாறு காப்பகத்தில் விடப்பட்டது. ஒரு மாதத்துக்குள் அது தேனி மாவட்டம் கம்பம் நகருக்குள் வந்தது. ஜூனில் தமிழக வனத்துறை அதைப் பிடித்துக் களக்காடு – முண்டந்துறையில் விட்டது.

தீ மற்றொரு ஆபத்து. 2018 மார்ச் 11 அன்று கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கினர். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன் பின்னரே தமிழகத்தில் மலையேற்றத்துக்குத் தனி விதிமுறைகள் வகுக்கப்பட்டன. 2024 அக்டோபரில் தொடங்கப்பட்ட 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 வழித்தடங்கள் வழிகாட்டிகளுடன் நடப்போருக்குத் திறக்கப்பட்டன. மிதிவண்டிக்கு இத்தகைய முறையான ஏற்பாடு இருந்தால் வழிகாட்டியும், வருகைப் பதிவும், தீ எச்சரிக்கையும் அதனுடன் சேர்ந்தே அமையும்.

மூடிய சாலையைத் திறக்கலாமா?

எஸ்கேப் ரோட்டை மீண்டும் திறக்க வேண்டும் என்ற கோரிக்கை அவ்வப்போது எழுகிறது. அதற்கு நியாயமான காரணங்கள் உள்ளன. அது மூடப்பட்டதால் கொடைக்கானலிலிருந்து மூணாறுக்குச் செல்வோர் மலையிறங்கி, சமவெளியைச் சுற்றி, மீண்டும் மலையேறி 150 கி.மீ.க்கும் மேல் பயணிக்க வேண்டியுள்ளது. வட்டவடை, கோவிலூர், கொட்டகொம்பூர் ஆகிய ஊர்களின் தமிழ் பேசும் விவசாயிகளுக்குத் தமிழகப் பக்கத்துடன் தலைமுறை உறவு உண்டு. பூண்டும் உருளைக்கிழங்கும் விளைவிக்கும் அவர்களுக்கு நெருக்கமான சந்தை என்பது வாழ்வாதாரப் பிரச்சினை.

எதிர்வாதமும் வலுவானது. இரு சுற்றுலா நகரங்களை இணைக்கும் குறுக்குவழி திறக்கப்பட்டால் நாள்தோறும் வாகனங்கள் நிரம்பும். 1.3 சதுர கி.மீ. பரப்பே கொண்ட பாம்பாடும் சோலை கேரளத்தின் மிகச் சிறிய தேசியப் பூங்கா. அத்தகைய நெரிசலை அது தாங்காது.

இவ்விரண்டுக்கும் இடையே, வாகனங்களை அனுமதிக்காமல், வழிகாட்டியுடன் குறைந்த எண்ணிக்கையில் நடப்போரையும் மிதிவண்டி ஓட்டுவோரையும் மட்டும் அனுமதிக்கலாம் என்ற யோசனை இயல்பாகவே எழுகிறது. பேரிஜம் ஏரிக்கு வனத்துறை அன்றாடம் குறிப்பிட்ட எண்ணிக்கையில் மட்டுமே வாகனங்களை அனுமதிப்பது இதற்கு ஒரு முன்மாதிரி. வருவாய் மலைவாழ் மக்களின் சூழல் மேம்பாட்டுக் குழுக்களுக்குச் செல்லுமானால் உள்ளூரில் வேலையும் கிடைக்கும். ஆனால் உழவரின் விளைபொருள் சிக்கலை இது தீர்க்காது. அதற்குத் தனித் தீர்வு தேவை. மேலும் இரு மாநில வனத்துறைகளும் ஒரே விதியை ஏற்க வேண்டும். அதுவரை அச்சாலையில் அனுமதியின்றி மிதிவண்டி ஓட்டுவது சட்டமீறலே.

திறந்திருக்கும் வழிகள்

அமைதியான பாதையைத் தேடுவோர் காப்பகத்துக்குள் நுழைய வேண்டிய கட்டாயம் இல்லை. பாலக்காட்டில் கொல்லங்கோடு, முதலமடை, சித்தூர் வட்டாரங்களில் நெல்வயல்களுக்கும் மாந்தோப்புகளுக்கும் இடையே கிராமச் சாலைகள் பின்னிக் கிடக்கின்றன. தெற்கே நெல்லியாம்பதி மலை சுவர்போல எழுந்து நிற்கும். மீன்கரை, சுள்ளியாறு அணைகளை ஒட்டிய ஊர்களும் இவ்வட்டாரத்திலேயே உள்ளன. தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்கும் இப்பகுதியில் ஏற்றம் குறைவு என்பதால், புதிதாகத் தொடங்குவோருக்கு இதுவே ஏற்றது. பொள்ளாச்சியிலிருந்து ஒரே நாளில் சென்று திரும்பலாம்.

இடுக்கியில் கம்பம்மெட்டு, ராமக்கல்மேடு வட்டாரத்துப் பொதுச்சாலைகள் ஏலக்காய்த் தோட்டங்களின் ஊடே செல்கின்றன. காற்று பலமாக வீசும் ராமக்கல்மேட்டுப் புல்முகட்டிலிருந்து கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும். மூணாறு – டாப் ஸ்டேஷன் சாலையில், பழைய இருப்புப்பாதை ஓடிய பள்ளத்தாக்கு வழியாக ஏறத்தாழ 32 கி.மீ. செல்லலாம். சாலையிலிருந்து பிரியும் தேயிலைத் தோட்டப் பாதைகள் தனியார் நிலம். மண்பாதையாக இருந்தாலும் தோட்ட அலுவலகத்தின் அனுமதி வேண்டும்.

பறம்பிக்குளத்துக்குக் கேரளத்திலிருந்து நேரடிச் சாலை இல்லை. சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத் தமிழக வனப்பகுதியைக் கடந்தே செல்ல வேண்டும். ஆகவே இரு சோதனைச் சாவடிகளின் விதிகளும் பொருந்தும். உள்ளே வனத்துறையின் ஏற்பாட்டில் மட்டுமே சுற்றிப் பார்க்க முடியும்.

கவனிக்க வேண்டியவை

டிசம்பர், ஜனவரி மாதங்கள் பொதுவாக ஏற்றவை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையில் மண்சரிவும் அட்டையும் மிகுதி. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை தீ அபாயம் உள்ளது. வரையாடுகள் குட்டி ஈனும் காலம் என்பதால் இரவிகுளமும் அப்போது சில வாரங்கள் மூடப்படும்.

காலை நன்கு விடிந்த பின் புறப்பட்டு, மாலை மங்குமுன் ஊரை அடைந்துவிட வேண்டும். யானைகள் சாலையைக் கடப்பது பெரும்பாலும் அந்தியிலும் விடியற்காலையிலும்தான். வளைவுகளில் வேகத்தைக் குறைத்து மணியை ஒலிக்க வேண்டும். காதில் இசைக்கருவி கூடாது. யானையைக் கண்டால் நின்று, வந்த வழியே பின்வாங்க வேண்டும். ஓரமாகக் கடந்துவிட முயலக் கூடாது. கைப்பேசி இணைப்பு பல இடங்களில் கிடைக்காது என்பதால், செல்லும் வழியையும் திரும்பும் நேரத்தையும் சோதனைச் சாவடியிலோ தங்குமிடத்திலோ தெரிவித்துச் செல்வது நல்லது. புறப்படுமுன் டயரிலுள்ள சேற்றைக் கழுவ வேண்டும். சமையலுக்காகவோ குளிர்காயவோ தீ மூட்டக் கூடாது. சரணாலயத்துக்குள் அது தண்டனைக்குரிய குற்றம். கைப்பேசி வரைபடத்தில் ஒரு பாதை தெரிவதாலேயே அதில் செல்ல அனுமதி உண்டு என்று கொள்ளக் கூடாது.

நீலக்குறிஞ்சி இம்மலைகளில் கடைசியாகப் பெருமளவில் பூத்தது 2018-இல். அடுத்து 2030-இல் பூக்கும். 2006-ஆம் ஆண்டுப் பூப்பின்போது வட்டவடை, கொட்டகொம்பூர் பகுதியில் குறிஞ்சிமலை சரணாலயம் அறிவிக்கப்பட்டது. வரும் பூப்புக்குப் பெருங்கூட்டம் திரளும் என்பது உறுதி. அதில் மிதிவண்டியில் வருவோரும் இருப்பர். எந்தப் பாதையில், எத்தனை பேர், எந்த மாதத்தில், யாருடைய வழிகாட்டுதலில் செல்லலாம் என்பதை இரு மாநிலங்களும் அதற்கு முன்பே கலந்து முடிவு செய்தால், பயணிகளும் பாதுகாப்பாகச் செல்ல முடியும். புல்வெளியும் சேதமின்றி நிலைக்கும்.